இரவீந்திரரும் பேசாக் குழந்தைகளும்

திருவாலங்காடு என்றவுடன் நம்மவர்க்கு இரத்தின சபையும் காரைக்காலம்மையாரும் நினைவிற்கு வருதல் இயல்பு. சென்னையினின்றும் அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையை அடுத்து, திருத்தணிகைக் குன்றிற்கு அணித்தாய், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புறத்தே அமைந்தது இவ்வூர். முற்காலத்தே ஆலமரங்கள் செறிந்த காடாய் இருந்தமையின் இப்பெயர் பெற்றது என்பர். வங்கநாட்டுக் கவியரசர் ஒருவரின் வரலாற்றைக் கூறப் புகுந்தவன் இவ்வூரிலிருந்து தொடங்குவது ஏன் என்று நேயர்கள் வினவக்கூடும். அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் திருவாலங்காட்டில் என் சிறிய தாயாரின் மகள் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தேன். அவளுக்கு ஆண்மக்கள் இருவர். இளையவனுக்கு வயது ஏழு. பெயர் சொல்லி அழைத்தால் அவன் திரும்புவதில்லை; எவர் முகத்தையும் ஏறிட்டு நோக்குவதில்லை; சொற்கள் இரண்டு மூன்றுக்குமேல் அவன் வாயினின்று வருவதில்லை. காலைமுதல் திண்ணையில் அமர்ந்து புளியங்கொட்டைகளை வரிசைவரிசையாக அடுக்குவான். அவற்றுள் ஒன்று இடம் மாறினும் தாங்காது அலறுவான். சென்னையில் மருத்துவர்கள் இதனை ஆட்டிசம் என்றனர். தமிழில் மதியிறுக்கம் என்று கூறுவாரும் உளர். ஊராரோ வேறு காரணங்கள் கூறினர். கருவுற்றிருந்தபோது தாய் கிரகணத்தைப் பார்த்தாள் என்பார் சிலர். பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சாமல் வேலையே கதியென்று இருந்தாள் என்பார் சிலர். எவ்வழி நோக்கினும் பழி தாய்மேலதே.

அதனினும் அவளை வருத்தியது மூத்தவனுடைய போக்கு. பத்து வயதுடைய அவன், விளையாட்டுத் தோழர் வருங்கால் தம்பியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகின்றான். தம்பியைப் பற்றி அவனுக்கு விளங்கும்படி ஏதேனும் கதைப் புத்தகம் உண்டா என்று அவள் என்னைக் கேட்டாள். இத்தகைய குழந்தைகளையும் அவர்தம் உடன்பிறந்தாரையும் பற்றிய சிறுவர் நூல்கள் இந்நாளில் பிற நாடுகளிற் பல வெளிவருகின்றன. ஆயினும் அவ்வேளை என் நினைவிற்கு வந்தவர் ஆட்டிசம் என்னும் நோய்ப்பெயரையே கேட்டறியாத ஒருவர். இரவீந்திரநாத தாகூரே அவர். அவரைக் கீதாஞ்சலியின் ஆசிரியராகவும் நோபல் பரிசு பெற்றவராகவும் நாம் அறிவோம். பெரியோர்க்கு விளங்காத குழந்தைகளின் பக்கம் நின்று எழுதியவர் என்ற முறையில் அவர் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

இரவீந்திரர் 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் கல்கத்தாவில் ஜோராசாங்கோ மாளிகையிற் பிறந்தார். தந்தையார் மகரிஷி எனப் பெயர் பெற்ற தேவேந்திரநாதர்; தாயார் சாரதா தேவி. அவர்க்குப் பதினான்காவது மகவு இரவீந்திரர். அத்துணைப் பெரிய குடும்பத்தில் கடைக்குட்டிப் பிள்ளைக்குப் பெற்றோரின் அருகாமை அரிதாயிற்று. தந்தையார் பெரும்பாலும் யாத்திரையில் இருப்பார். தாயாரோ உடல் நலிந்தவர். பிள்ளைகளின் பொறுப்பு வேலைக்காரரிடம் விடப்பட்டிருந்தது. அவருள் சியாம் என்பவன் ஓர் எளிய உபாயங் கண்டான். சிறுவனை ஓரிடத்தில் அமர்த்தி, அவனைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டமொன்று வரைந்து, அதனைத் தாண்டினால் பெருந்தீங்கு நேரும் என்று அச்சுறுத்திவிட்டுத் தன் வழியே போய்விடுவான். கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்ததைக் கதையிற் கேட்டிருந்த சிறுவன் வட்டத்தினுள்ளேயே அடங்கியிருப்பான்.

அவ்வட்டத்தின் அருகே ஒரு சாளரம் இருந்தது. கீழே குளம், குளக்கரையில் விழுதூன்றிய பேராலமரம் ஒன்று, ஒருபுறம் தென்னைகள். நீராட வருவோர் ஒவ்வொருவரின் பழக்கத்தையும் சிறுவன் நாள்தோறும் கண்டு மனத்திற் பதித்தான். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு விரைந்து முழுகியெழுவார்; மற்றொருவர் படியினின்றே குதிப்பார். அனைவரும் சென்றபின் ஆலமரத்தின் இருண்ட நிழலே அவனுக்குத் துணை. பிற்காலத்தில் அம்மரத்தை அவர் பாட்டிலும் வைத்துப் பாடினார். திண்ணையிற் புளியங்கொட்டை அடுக்கும் சிறுவனைக் கண்டபோது அந்தச் சுண்ணாம்பு வட்டமே எனக்குத் தோன்றிற்று. ஒன்று பிறர் வரைந்தது, மற்றொன்று பிறவியில் அமைந்தது என்னும் வேறுபாட்டை நான் மறந்தேனல்லேன்.

கல்வியும் அவ்வாறே. ஓரியண்டல் செமினரி, நார்மல் ஸ்கூல், பெங்கால் அகாடமி, செயிண்ட் சேவியர் என்று பள்ளிகள் மாறினவேயன்றிச் சிறுவனின் மனம் எதனிலும் ஒட்டவில்லை. பள்ளியிற் கற்றதில் அவன் வீட்டில் நடித்துக் காட்டியது ஒன்றே: தாழ்வாரத்து மரக்கிராதிகளை மாணாக்கராகக் கொண்டு, கையிற் பிரம்புடன் அவற்றை ஓயாது அடித்துத் தண்டிப்பது! ஆசிரியரின் பாடத்தைவிட அவர்தம் சினத்தையே பிள்ளைகள் விரைவிற் கற்கின்றனர் என்பதைப் பின்னாளில் அவரே தம் வாழ்க்கை நினைவுகளில் நகைப்புடன் எழுதினார். ஆசிரியர் தொழிலை நாடும் நம் மாணவ நண்பர்கள் அப்பகுதியைத் தேடிப் படித்தல் நலம்.

1873இல் உபநயனம் முடிந்தபின் தந்தையார் அவரை இமயமலைக்கு உடனழைத்துச் சென்றார். வழியிற் போல்பூரில் சில நாள் தங்கினர். சாந்திநிகேதனம் அமைந்த இடம் அதுவே. அங்கே செம்மண் ஓடைகளிற் சிறுவன் தனியே திரிந்து கூழாங்கற்கள் பொறுக்கி வருவான். மகரிஷி அவற்றைப் பயனற்றவை என்று எறியச் சொல்லாமல் வியந்து பாராட்டுவார். தம் விலையுயர்ந்த பொற்கடிகாரத்திற்கு நாள்தோறும் சாவி கொடுக்கும் பொறுப்பையும் மைந்தனிடம் ஒப்புவித்தார். மைந்தன் காட்டிய ஆர்வ மிகுதியாற் கடிகாரம் பழுதுற்றுக் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டது. தந்தையார் சினந்தாரல்லர். குழந்தையைப் பொருட்படுத்தும் பெரியவர் ஒருவர் வாய்த்தால் யாது நிகழும் என்பதை இரவீந்திரர் கற்ற காலம் அச்சில திங்களே. 1875இல் தாயார் காலமானார்.

அக்குடும்பத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. வரலாறு எழுதுவோர் பலர் அதனை விரைந்து கடப்பர். தமையன்மாருள் வீரேந்திரரும் சோமேந்திரரும் மனநோயுற்றவர்கள். சோமேந்திரர் இரவீந்திரரோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர். செல்வமும் புகழும் மிக்க மாளிகையாயினும், பிறரைப் போல் ஆகமுடியாதவர் ஒரே கூரையின்கீழ் வாழ்வதன் பொருளை அவர் ஏட்டில் கற்கவேண்டியிருந்ததில்லை.

1883இல் மிருணாளினி தேவியை மணந்தார். அப்போது அவ்வம்மையார்க்கு வயது பத்தும் நிரம்பவில்லை. மாதுரிலதா, ரதீந்திரநாதர், ரேணுகா, மீரா, சமீந்திரநாதர் என ஐவர் மக்கள். ஏறத்தாழ முப்பதாம் வயதிற் குடும்பத்தின் நிலங்களை மேற்பார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பத்மா நதியிற் படகிலே தங்கி, சிலைதகம் முதலிய சிற்றூர்களின் மக்களோடு பழகினார். 'ஹிதவாதி', 'சாதனா' என்னும் இதழ்களில் அக்காலத்தே அவர் எழுதிய சிறுகதைகள் வங்கமொழிக்குப் புதியன. அவற்றுள் குழந்தைகளைப் பற்றியவை சில, நம் பொருளுக்கு உயிர்போன்றவை.

'விடுமுறை' என்னும் கதையில் வரும் பட்டிக் என்னும் சிறுவன் ஊர்ப் பிள்ளைகளின் தலைவன். குழந்தையும் அல்லாது, ஆடவனும் அல்லாது, குரல் உடைந்து கைகால் நீண்டு, எங்கு நின்றாலும் இடையூறாய்த் தோன்றும் அந்தப் பதின்மூன்று பதினான்கு வயதின் துன்பத்தை அக்கதைபோற் கூறியது வேறொன்றை நான் அறியேன். மாமன் அவனைப் படிப்பிற்காகக் கல்கத்தாவிற்கு அழைத்துச் செல்கின்றார். மாமிக்கு அவன் வேண்டாத பாரம். வீட்டிற்கு எப்போது போவேன் என்று கேட்கும்போதெல்லாம் விடுமுறை வரட்டும் என்பதே விடை. காய்ச்சலுற்று, தாய் வந்து சேரும்போது அவனுக்கு முடிவில்லாத விடுமுறை தொடங்கிவிடுகின்றது.

'சுபா' இன்னும் நுட்பமானது. இனிய சொல்லுடையாள் என்று பொருள்படும் சுபாஷிணி என்று பெயரிடப்பட்ட பெண் ஊமையாய் இருக்கின்றாள். அவள் பேசாமையால் உணர்வும் அற்றவள் என்று கருதி, அவள் எதிரிலேயே அவளது எதிர்காலத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்பட்டுப் பேசுகின்றனர். தந்தைக்கு அவள்மேல் அன்பு மிகுதி. தாயோ அவளைத் தன் உடலில் தோன்றிய குறைபோல எண்ணி மனங் கசக்கின்றாள். சுபாவின் தோழர்கள் தொழுவத்துப் பசுக்கள் இரண்டு. அவள் காலடி ஓசையை அவை அறியும். பிறர் அவளைக் கடிந்த நாளில் அவள் அவற்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்பாள். ஈற்றில் பெற்றோர் அவளைக் கல்கத்தாவிற்குக் கொண்டுசென்று, ஊமையென்பதை மறைத்து மணம்முடித்துத் திரும்புகின்றனர். சில நாளில் உண்மை வெளியாக, கணவன் பேசத்தெரிந்த வேறொருத்தியை மணக்கின்றான்.

சுபாவிற்கு ஆட்டிசம் என்று கூறுவது பிழை. கண்ணாலும் முகத்தாலும் நிரம்பப் பேசுபவள் அவள். பட்டிக்கோ வாய் ஓயாதவன். ஆயினும் பேச்சில்லாத இடத்தில் மனமும் இல்லை என்று பெரியோர் கொள்ளும் முடிபு எத்துணைப் பொய் என்பதை அப்பெண்ணின் கதை காட்டுகின்றது. 1943இல், இரவீந்திரர் மறைந்து ஈராண்டு கழித்து, அமெரிக்காவில் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர் பதினொரு குழந்தைகளின் தன்மையை ஆராய்ந்து எழுதினார். தனிமையில் ஆழ்தல், எப்பொருளும் இருந்தவாறே இருக்கவேண்டும் என்னும் வேட்கை ஆகியவற்றை அவர் அடையாளங்களாகக் காட்டினார். திருவாலங்காட்டுத் திண்ணையின் புளியங்கொட்டைகளை அவர் கண்டிருந்தால் வியந்திரார். ஆனால் அதன்பின் இருபதாண்டளவும், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று கற்ற மருத்துவருட் பலர் நம்பினர். தாமே அத்தகைய மகனுக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லாந்து என்பார் 1964இல் எழுதிய நூல் அக்கொள்கையை அசைத்தது. பின்வந்த ஆராய்ச்சிகள் அதனை அறவே தள்ளின. பழியைத் தாய்மேற் சுமத்துவதிற் கற்ற நாடும் கல்லா ஊரும் ஒன்றுபோலவே நடந்திருக்கின்றன.

இனிக் கூறப்போவது இரவீந்திரரை வழிபடுவோர்க்கு இனியதன்று. ஆனால் அதனை விடுத்தால் வரலாறு பொய்யாகும். 1892இல் எழுதிய 'காபூலிவாலா' கதையில் ஓயாது பேசும் ஐந்து வயது மினியைத் தம் மூத்த மகள் மாதுரிலதாவைக் கண்டே படைத்தார். மகளின் கைச்சுவடு பதிந்த கந்தைத் தாளை நெஞ்சிற் சுமந்து திரியும் அந்நிய வணிகனின் தந்தையுள்ளத்தை அவர்போல் அறிந்தவர் இலர். 1887இலேயே குழந்தை மணத்தின் தீங்கைக் காட்டிக் கட்டுரை வாசித்தவரும் அவரே. அவரே 1901இல் சில வாரங்களுக்குள் இரு பெண்களை மணஞ்செய்து கொடுத்தார். மாதுரிலதாவிற்கு அப்போது வயது பதினான்கு, ரேணுகாவிற்குப் பத்து. 1907இல் மீராவையும் பதின்மூன்றாம் வயதில் மணம்முடித்தார். அவ்வாழ்க்கை முறிந்தது, அதற்குத் தாமே காரணம் என்று அவர் நெடுங்காலம் வருந்தினார். சுபாவின் பெற்றோரைக் கதையில் அத்துணைத் தெளிவாகக் கண்ட கண், தம் வீட்டு முற்றத்தில் ஏன் மங்கிற்று? குடும்ப வழக்கமும் தந்தையார் காலத்திலேயே கடமையை முடித்துவிடவேண்டும் என்னும் கவலையும் காரணம் என்பர். காரணம் கூறலாம், பெண்களின் இளமை திரும்பவில்லை.

அதே 1901ஆம் ஆண்டு டிசம்பரில் சாந்திநிகேதனத்தில் மாணாக்கர் ஐவருடன் பள்ளியொன்றைத் தொடங்கினார். சுவரில்லாத வகுப்பு, மரநிழலே மண்டபம். மிருணாளினி தேவி தம் நகைகளை அதற்கு ஈந்தார். ஓராண்டு முடிவதற்குள், 1902 நவம்பர் 23இல் அவர் மறைந்தார். ரேணுகாவிற்குக் காசநோய் கண்டது. அவளை அல்மோரா மலைக்குக் கொண்டுசென்று அருகிருந்து பேணிய 1903ஆம் ஆண்டில், தாயை இழந்த தம் பிள்ளைகளை எண்ணி இரவீந்திரர் இயற்றிய பாடல்களே 'சிசு' என்னும் தொகுதி. பின்னர் 'பிறைமதி' என்ற பெயரில் ஆங்கிலத்தில் உலகறிந்தவற்றிற்கு ஊற்று அதுவே. தாயும் குழந்தையும் விளையாடும் இன்பமே நிறைந்த அப்பாடல்கள், தாயற்ற வீட்டில், நோயாளிப் பெண்ணின் கட்டிலருகே பிறந்தவை. அவ்வாண்டு செப்டம்பரில் ரேணுகா இறந்தாள். 1907இல், தாய் மறைந்த அதே நவம்பர் 23ஆம் நாளில், இளையவன் சமீந்திரன் மோங்கீரில் வாந்திபேதியால் இறந்தான்; பதினோராம் வயது அவனுக்கு நிரம்பவில்லை.

1911இல் எழுதிய 'தபால் நிலையம்' என்னும் நாடகத்தை இவ்விழப்புகளை அறிந்து படித்தல் வேண்டும். அமல் என்னும் நோயுற்ற சிறுவனை வெளியே விடலாகாது என்பது வைத்தியர் கட்டளை. சாளரத்தருகே அமர்ந்து, தயிர் விற்பவனையும் காவற்காரனையும் பூப்பறிக்கும் சுதாவையும் அழைத்துப் பேசுகின்றான். எதிரே அரசன் அமைத்த தபால் நிலையத்தினின்று தனக்கும் ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்கின்றான். சுண்ணாம்பு வட்டமும் சாளரமும் ஜோராசாங்கோவினின்று நாற்பதாண்டு கடந்து இங்கே மீண்டு வந்தன. ஊர்த்தலைவன் ஒருவனைத் தவிர, சாளரத்தைக் கடந்து செல்வோர் அனைவரும் அச்சிறுவனிடம் பேசியதால் தம் தொழிலையே புதிதாகக் கண்டு செல்கின்றனர்.

இந்நாடகத்திற்கு நேர்ந்த ஒரு வாழ்வு ஆசிரியர் அறியாதது. போலந்து நாட்டில் யானுஷ் கோர்ச்சாக் என்னும் குழந்தை மருத்துவர் இருந்தார். சிறுவர்க்கு நூல்கள் எழுதியவர். அநாதைக் குழந்தைகளை வளர்த்தவர். வார்சா நகரில் யூதர்கள் அடைக்கப்பட்ட மதிலினுள், 1942 ஜூலையில், தம் குழந்தைகளைக் கொண்டு அவர் இதனை நடிக்கச் செய்தார். அடுத்த மாதத் தொடக்கத்தில் அவரும் குழந்தைகளும் திரெப்ளிங்காக் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

1913இன் நோபல் பரிசும் அதன்பின் வந்த உலகப் பயணங்களும் யாவரும் அறிந்தவை, அவற்றை விரிக்கவில்லை. அப்புகழின் நடுவே 1918இல் மாதுரிலதா காசநோயால் நலிந்து கிடந்தாள். மருமகனோடு மனவேற்றுமை நேர்ந்திருந்தமையின், அவர் வீட்டில் இல்லாத நண்பகல் வேளைகளிற் சென்று தந்தை அவளருகே அமர்ந்திருப்பார். மே மாதத்தில் ஒருநாள், வாயிலை அடைந்தபோதே முடிவை அறிந்து, மாடியேறாமல் திரும்பினார்.

அந்த 1918ஆம் ஆண்டிலேதான் இரவீந்திரரின் தத்துவத்தைப் பற்றிய ஆங்கில நூலொன்று வெளிவந்தது. எழுதியவர் திருத்தணிகையிற் பிறந்து, வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்ற இளம் பேராசிரியர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1940 ஆகஸ்டு 7ஆம் நாள், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கவிக்கு அளித்த பண்டிதப் பட்டத்தைச் சாந்திநிகேதனத்திற்கே கொணர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். எல்லைப்புறத்துச் சிற்றூரினின்று போல்பூர்ச் செம்மண்ணிற்கு இவ்வாறு ஒரு வழி உண்டாயிற்று.

முதுமையில் இரவீந்திரர் குழந்தைகளிடமே திரும்பினார். 1930இல் எழுத்தறியும் பிள்ளைகட்கென 'சகஜ பாடம்' வெளியிட்டார். நந்தலால் போஸ் அதற்குச் சித்திரம் தீட்டினார். பேத்தி நந்தினிக்குக் கூறிய விந்தைக் கதைகளை 1937இல் 'அவன்' என்னும் நூலாக்கி, படங்களையும் தாமே வரைந்தார். 1940இல், எண்பதை நெருங்குங்கால், தம் பிள்ளைப் பருவத்தைச் சிறுவர்க்கென்றே எளிய நடையில் எழுதினார். பட்டம் பெற்ற நாளினின்று சரியாக ஓராண்டில், 1941 ஆகஸ்டு 7இல், பிறந்த அம்மாளிகையிலேயே உயிர் நீத்தார்.

திருவாலங்காட்டை விட்டுப் புறப்படுவதற்கு முந்தின மாலை, மூத்தவனை அருகழைத்துச் 'சுபா' கதையைத் தமிழிற் கூறினேன். தம்பி வழக்கம்போல் எட்ட இருந்து கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் கேட்டானோ, அறியேன். மூத்தவன் இடையிற் பேசவில்லை. கதை முடிந்தபின், சுபா கல்கத்தாவிற்குப் போய்விட்டாளே, அந்தப் பசுக்கள் இரண்டையும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டான். கதையில் அது இல்லை என்றேன். அவன் சற்றுநேரம் தம்பியின் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உருண்டோடிக் கிடந்த கொட்டையொன்றை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமற் கையிலேயே வைத்திருந்தான்.